ஃபைலோடு போன எழுத்து

அந்தக் கட்டுல இருந்து ஒரு கார்ட எடுத்துக் காட்டுங்க தம்பி. பிரிக்க வேண்டாம், ஓரத்துல கிழிஞ்சிருக்கு பாருங்க, அது வழியா உருவுனாப் போதும். கல்யாணம் உங்களுக்கா? நல்லது, நல்லா இருங்க. பேப்பர் நல்ல பேப்பராத்தான் போட்டிருக்கான். சிவகாசியில எந்தப் பிரஸ்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சொல்லுவீங்க, நான் ஏதாச்சும் குறை சொல்லுவேன், எதுக்கு வம்பு?

பஸ்ஸு குலுங்கும்போது இந்த உருளை உங்க காலை இடிக்குதா? இருங்க, மடியில வச்சுக்கிறேன். போஸ்டரு. கசங்கிறக் கூடாது.

இந்தா, மேல 'சுபமுகூர்த்தப் பத்திரிகை'ன்னு போட்டிருக்குல்ல? அந்த 'மு'வப் பாருங்க. வால் கீழ இறங்கி, ஒரு சுத்து சுத்தி, சட்டுன்னு மெலிஞ்சு நிக்குது. வேற எதுலயும் இப்படி நிக்காது. அது யாரு வரைஞ்சதுங்கீங்க? எங்க மாப்பிள்ளை. என் கூடப்பொறந்த தங்கச்சி செண்பகத்தோட வீட்டுக்காரரு, பொன்னரசுன்னு பேரு. கோவில்பட்டியில டிராயிங் வாத்தியாரா இருந்தாரு. இப்ப இல்ல. நாளைக்கு அவருக்கு வருசத் திதி. அதுக்குத்தான் போய்ட்டிருக்கேன்.

கம்ப்யூட்டர்ல 'அ' தட்டுனா 'அ' வருது, எங்க இருந்து வருதுன்னு நாம யோசிக்கிறதில்ல. ஒருத்தன் உக்காந்து ஒவ்வொரு எழுத்தா வரையணும் தம்பி. அப்படி வரைஞ்ச மொத்தக் கட்டத்தான் ஃபாண்டும்போம். மாப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதுதான் வேலை. 'ணை' சரியா வரலைன்னு ஒரு தீவாளியப்போ பலகாரம் தின்ன எந்திரிக்கல. சுகர்காரர் வேற, தின்னாம இருந்தது நல்லதுதான்னு நான் கேலி பண்ணுவேன். பண்ணிக்கிடலாம், மச்சான் முறைதான? முடிச்சதும் அந்த ஃபாண்டுக்கு என் தங்கச்சி பேரையே வச்சாரு. 'செண்பகம்'. அவளுக்கு வெக்கம் தாங்கல. கல்யாணமாகி மக வேலைக்குப் போற வயசுல என்ன வெக்கம்?

என் தொழிலச் சொல்லலையே. நான் சிவகாசியில டிசைன் சென்டர் வச்சிருக்கேன். கல்யாணக் கார்டு, காலண்டரு, வெடிப் பெட்டி லேபிள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பண்ணுவோம். டிசைன் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பணும். அனுப்பும்போது டிசைன் ஃபைலு, போட்டோ, அதுல போட்ட ஃபாண்டு, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு அனுப்பிருவோம். ஃபாண்டு இல்லைன்னா அங்க திறக்கும்போது எழுத்து எழுத்தா இருக்காது, கட்டம் கட்டமா நிக்கும். அதனால ஃபைலோட ஃபாண்டு போகும். நான் கண்டுபிடிச்சதில்ல. ஊரு வழக்கம். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா என்னமோ நான் களவாண்டு வித்த மாதிரி எங்க சொந்தத்துல பேச்சு ஓடுது.

என் மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு, வைகாசியில. மாப்பிள்ளை அவராத்தான் வந்து சொன்னாரு. "மச்சான், மருமக கார்டுக்கு என் எழுத்தைப் போடுங்க. மொதமொதல்ல அவ கார்டுலதான் அது அச்சாகணும்." நான் கேக்கல தம்பி. அவரா ஆசைப்பட்டுக் குடுத்தாரு. குடுக்கும்போதே ஒண்ணு சொன்னாரு. மெட்ராஸ்ல ஒரு வாரப் பத்திரிகைக்காரங்க, பேரு வேண்டாம், இந்த எழுத்தைக் கேட்டிருக்காங்களாம். அவங்க பத்திரிகைக்கு மட்டும்னு, வேற எங்கயும் இருக்கக் கூடாதுன்னு பேச்சாம். "அதனால கர்வ் போட்டு அனுப்புங்க மச்சான். ஃபாண்டு உங்க சிஸ்டத்த விட்டு வெளிய போயிறக் கூடாது." கர்வ் போடுறதுன்னா எழுத்தைப் படமா மாத்திர்றது. அச்சடிக்கலாம், ஆனா ஒரு புள்ளியக்கூட மாத்த முடியாது. ஃபாண்டும் கூடப் போக வேண்டியதில்ல.

சரின்னேன். கர்வ் போட்டுத்தான் அனுப்புனேன். அதை யாரும் சொல்ல மாட்டாக. மொதல்ல கர்வ் போட்டுத்தான் அனுப்புனேன்!

மறுநாள் மதுரைக்குப் பட்டு எடுக்கக் கெளம்புறோம். வேன் வாசல்ல நிக்கி. சம்பந்தி போன் பண்றாரு. அவரோட ஒண்ணுவிட்ட அண்ணன் பேரு கார்டுல விட்டுப்போச்சாம். அந்தப் பேரு இல்லாம மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டாராம். பொண்ணப் பெத்தவன் என்ன செய்வான்? பிரஸ்ல கனகராஜுன்னு ஒரு ஆப்பரேட்டரு, தங்கமான பையன், அவனக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, கர்வ்ல வந்திருக்கு, என்னால பேரு சேக்க முடியாது. ஃபாண்டோட அனுப்புங்க, நானே சேத்துர்றேன். அச்சுக்குப் பிளேட்டு போடப் போறேன், சீக்கிரம்"ங்கான். நீயே உக்காந்து சேத்து அனுப்பியிருக்கலாமேன்னு இப்பக் கேப்பீங்க. எல்லாரும் கேக்காக. வேன் நிக்கி தம்பி. உள்ள பொம்பளையாளுக எல்லாம் ஏறி உக்காந்தாச்சு. ஃபோல்டர அப்படியே அனுப்பிட்டு ஏறிட்டேன். நான் யாருக்கும் ஃபாண்டு குடுக்கல. ஃபைலுதான் அனுப்புனேன். ஃபைலோட ஃபாண்டு போச்சு.

திருமங்கலம் தாண்டும்போது கனகராஜு திரும்பக் கூப்பிட்டான். இடம் பத்தலையாம், ஒரு வரிய எடுத்தாத்தான் அந்தப் பேரு உக்காருமாம். பொண்ணு வீட்டுப் பக்கம் கடைசி வரிய எடுத்துருன்னேன். அந்தக் கடைசி வரி மாப்பிள்ளை பேரும் செண்பகம் பேரும்தான். நம்ம ஆளுகளைத்தான எடுக்க முடியும்? சம்பந்தி பக்கத்துலயா கை வைக்க முடியும்?

மாப்பிள்ளை கார்ட வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ஒவ்வொரு எழுத்தா விரலால தடவுனாரு. அப்புறம் பேரு வரிசையில விரல் கீழ இறங்கி வந்து நின்னுச்சு. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. "எழுத்து நல்லா விழுந்திருக்கு மச்சான்"னாரு, அவ்வளவுதான். கோவிச்சுக்கல. அந்தக் குணம் அவருக்கு. கர்வ்ல பேரு சேக்க முடியாதே, அந்தப் புதுப் பேரு எப்படி ஏறுச்சுன்னு அவரு கேக்கவும் இல்ல. அவருக்கு அந்தப் பேரு புதுசுன்னே தெரியாதுல்ல.

அந்த வருசம் காலண்டர் சீசன் நல்ல சீசன். ஆடிப்பெருக்குக்கு எங்க ஊர்ல புதுக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போடுவாக, தெரியும்ல? அந்த ஆல்பத்துல பாதிக்கு மேல மாப்பிள்ளை எழுத்து! கனகராஜு அடுத்த பிரஸ்ல உள்ள சேக்காளிக்குக் குடுத்தான், அவன் இன்னொருத்தனுக்குக் குடுத்தான். ஆப்பரேட்டருக உலகம் அப்படித்தான், பென்டிரைவக் குத்தி இந்தா வச்சுக்கோம்பான். ஒருத்தரும் கெட்ட எண்ணத்துல செய்யல. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நம்ம வீட்டு ஆளு எழுத்து ஊரெல்லாம் போகுதேன்னு. 'செண்பகம் இருக்கா, செண்பகத்த அனுப்பு'ன்னு பயலுக பேசிக்கிடும்போது மட்டும் சங்கடமா இருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண? பொண்டாட்டி பேர வச்சது அவருதான?

அந்த ஆல்பம் மெட்ராசுக்கும் போச்சு. பத்திரிகைக்காரங்க கூப்பிட்டு, வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

மாப்பிள்ளை பஸ்ஸேறி எங்க கடைக்கு வந்தாரு. ஆல்பத்த மேசையில விரிச்சு வச்சாரு. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் ஏதாச்சும் பேசி, ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிஞ்சிருக்கும். "மச்சான், கர்வ் போட்டுத்தான அனுப்புனீங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆமா மாப்ளேன்னேன். பொய்யில்ல பாருங்க, மொதல்ல அனுப்புனது கர்வ்தான. அவரு தலைய ஆட்டிக்கிட்டே நின்னாரு. முகத்தப் பாக்கப் பாவமா இருந்துச்சு. ஏதாச்சும் ஆறுதலாச் சொல்லணுமேன்னுதான் சொன்னேன். "வீட்டுல செண்பகம் டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள் அடிச்சுக் குடுக்காளே மாப்ளே. அந்தப் பென்டிரைவு போகுது வருது. அதுல தெரியாம ஏறியிருக்குமோ என்னமோ." இருக்கும்னா சொன்னேன்? இருக்குமோ என்னமோன்னேன். ஒரு பேச்சுக்கு.

அதை அவரு அப்படியே பிடிச்சுக்கிட்டாரு.

கம்ப்யூட்டர் ரூமப் பூட்டிச் சாவிய அரைஞாண்ல கட்டிக்கிட்டாரு. அவகிட்டப் பேச்சில்ல. சோறு வச்சாத் தின்பாரு, வைக்கலைன்னாக் கேக்க மாட்டாரு. அவளும் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தா. கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை என்னயும் வரச் சொல்லி, ரெண்டு பேரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. அம்மன் சன்னதிக்கு முன்னால கற்பூரத்த ஏத்தி, அதுமேல அடிச்சுச் சத்தியம் பண்ணா. "என் கையால உங்க எழுத்து ஒண்ணுகூட வெளிய போகல. போயிருந்தா என் தாலி நிக்காது"ன்னா. உள்ளங்கை கருகிப் போச்சு தம்பி. அவரு வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னாரு. நம்பல.

நானும் அங்கதான் நின்னேன். அந்த எடத்துல நான் என்ன பேச? புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல பொறந்த வீட்டுக்காரன் வாயத் தொறந்தா அதுவே பெரிசாப் போயிரும். நாளைக்கு ஒண்ணாச் சேந்துக்கிடுவாக, நாமதான் கெட்ட பேரு வாங்கணும். அப்படின்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து அவ கைக்கு மருந்து வாங்கிக் குடுத்துட்டுத்தான் பஸ்ஸேறுனேன். அதைச் செய்யாம வரல.

சாத்தூர் வந்துருச்சா? பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கீகளா? வேண்டாமா, சரி.

அப்புறம் மாப்பிள்ளை சுகர் மாத்திரைய நிறுத்திட்டாரு. சொல்லிட்டு நிறுத்தல. வாங்கி வாங்கி அலமாரியில வச்சிருந்திருக்காரு. கால்ல ஒரு புண்ணு வந்துச்சு, ஆறல. தை மாசம் பெரியாஸ்பத்திரியில முடிஞ்சுபோச்சு. நல்ல மனுசன். என்ன வயசு?

தகவல் வந்ததும் நான் மொதல்ல போய் உக்காந்தது என் சிஸ்டத்து முன்னாலதான். வேற யாரு அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிப்பா? அழுதுக்கிட்டே பண்ணேன். அவரு படம், கண்ணாடி போட்ட படம். எழுத்து அவரு எழுத்து. 'எழுத்து வேந்தர்'னு பட்டம் குடுத்து, கீழ என் பேரு, என் குடும்பம், என் சம்பந்தி பேருகூடப் போட்டேன். கனகராஜு மத்த வேலையெல்லாம் நிறுத்திட்டு இதை ஓட்டிக் குடுத்தான். பாடி வர்றதுக்கு முந்தியே கோவில்பட்டியில அவுக தெரு பூரா ஒட்டியாச்சு. அப்படி ஒரு போஸ்டரு அந்தத் தெருவுல யாருக்கும் ஒட்டுனதில்ல.

கனகராஜும் மாலையோட வந்தான். நல்ல மனசு. ஆனா வாய் நிக்காது. செண்பகம் முன்னால போயி நின்னு, "அக்கா, சாரோட எழுத்துதான் எங்க பிரஸ்ஸுக்கே இன்னிக்குச் சோறு போடுது. அண்ணாச்சி மக கல்யாணக் கார்டு ஃபைலோட வந்துச்சு. அன்னிக்கே நெனச்சேன், இதை வரைஞ்ச கையத் தொட்டுக் கும்பிடணும்னு"ங்கான். கும்பிட வந்தவன் கும்பிட்டுட்டுப் போக வேண்டியதுதான?

அவ அழுதுக்கிட்டிருந்தவ அழுகைய நிறுத்திட்டா. என்னயப் பாத்தா. பெறகு எந்திரிச்சு நேரா வெளிய போனா. எதிர்ச் சுவர்ல இருந்த போஸ்டர நகத்தால பிறாண்டுறா. பசை காயல, நார் நாராக் கிழிஞ்சு வருது. அவரு முகத்தத் தொடல தம்பி. எழுத்தை மட்டும், கீழ என் பேரு இருக்க எடத்த மட்டும். நகம் பேந்து ரத்தம் வந்துருச்சு. பொம்பளையாளுக கட்டிப்பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாக. துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு பேசிக்கிட்டாக. நானும் அப்படித்தான் சொன்னேன்.

பதினாறாம் நாளு பொறந்த வீட்டுக் கோடி போடணும்ல? அண்ணங்காரன் குடுக்குற சேலையத்தான் அவ உடுத்தணும். தாம்பாளத்துல வச்சு எடுத்துட்டுப் போறேன், சொந்தபந்தம் அம்புட்டும் உக்காந்திருக்கு. அவ கையை நீட்டல. "எனக்குப் பொறந்த வீடு இல்ல"ன்னா. அவ்வளவுதான் பேசுனது. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் டீச்சர் ஒரு சேலை குடுத்தாக, அதை உடுத்துனா. வேற சாதி, வேற மதம், அவுக குடுத்ததை உடுத்துனா. நான் தாம்பாளத்தோட நிக்கேன். தாம்பாளத்த எங்க வைக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியல. அன்னைக்கு அழுதேன். என் பொண்டாட்டிக்குத் தெரியாம பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். எங்க அம்மா செத்தப்புறம் அவளுக்குத் தலை சீவி விட்டு வளத்தவன் நான்.

அதுக்கப்புறம் ஒரு வருசமாப் பேச்சில்ல. போன் பண்ணா எடுக்க மாட்டா. நானும் விடல, தகவல் போட்டுக்கிட்டே இருந்தேன். பொங்கலுக்குப் போட்டேன். அவ பொறந்த நாளுக்குப் போட்டேன். பிரஸ்காரங்க வேற, "அண்ணாச்சி, இதுக்கு போல்டு இருக்கா, தடிச்ச எழுத்து இருக்கா"ன்னு தினமும் கேக்கானுக. மாப்பிள்ளை சாகுறதுக்கு முந்தி அதைப் பண்ணிக்கிட்டிருந்தாருன்னு எனக்குத் தெரியும். அதையும் கேட்டுப் போட்டேன். சும்மா கெடந்து வீணாப் போறதுக்கு நாலு பேருக்குப் பயன்படட்டுமேன்னு. அவரு பேரும் நிக்கும்ல?

இந்த வருசத் திதிக்கு நானே உக்காந்து போஸ்டர் பண்ணேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதுதான் இது. போன வருசம் மாதிரி இல்ல, என் பேரச் சின்னதாத்தான் போட்டிருக்கேன். சம்பந்தி பேரு இல்லவே இல்ல. மேல 'செண்பகவல்லியின் கணவர்'னு அவ முழுப் பேரு. கல்யாணக் கார்டுல விட்டுப்போன பேரு இதுல இருக்கட்டும்னு. அவ வீட்டுக்கு நேர் எதிர்ச் சுவர்ல ஒட்டணும், காலையில கதவத் தொறந்ததும் அவ கண்ணுல படணும். பாத்தா மனசு எளகும். எவ்வளவு கோவமா இருந்தாலும் கூடப்பொறந்தவ தம்பி.

முந்தாநாளு போஸ்டரு அச்சாகி வந்துச்சு, நேத்து அவகிட்ட இருந்து போனு! அவளே பண்ணா! "அண்ணே"ன்னா.

"நீ கேட்டது அவரு கம்ப்யூட்டர்ல இருக்கு. கம்ப்யூட்டரையே எடுத்துட்டுப் போயிரு. ரெண்டு சாவியும் டீச்சர் வீட்டுல இருக்கு"ன்னா.

பாத்தீங்களா? நம்பாதவ சாவியக் குடுப்பாளா? ரூமு சாவி மட்டும் இல்ல, வீட்டுச் சாவி! "போல்டு முடிச்சிருக்காராம்மா?"ன்னு கேட்டேன். "முடிச்சிருக்காரு. நீ பாத்துக்கோ. கர்வ் எல்லாம் போட வேண்டாம்"ன்னா. அந்த வார்த்தையெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை சொல்லிக் குடுத்திருப்பாரு போல.

கடைசியா ஒண்ணு சொன்னா. வீட்டைக் காலி பண்ணிட்டாளாம். மக வேலை பாக்குற ஊருக்கே போறாளாம். திதியையும் அங்கயே குடுத்துக்கிடுறாளாம். "நீ வரும்போது நான் இருக்க மாட்டேன்"ன்னா. சரிம்மா, பாத்துப் போன்னேன். பென்டிரைவு எடுக்கணும், கனகராஜுக்குச் சொல்லணும்னு என் நெனப்பு அதுல ஓடிக்கிட்டிருந்துச்சு.

கோவில்பட்டி வந்துருச்சு. நீங்க உங்க கார்டுக் கட்டப் பத்திரமாப் பாத்து எடுத்துக்கோங்க, மழைத் தூறல் விழுது.

அவ மக எந்த ஊர்ல வேலை பாக்குறா? நான் கேக்கலையே. எந்த ஊருன்னு சொல்லவும் இல்ல, கேக்கணும்னு எனக்குத் தோணவும் இல்ல. டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சாலும் என்கிட்டச் சொல்லுவாங்களா?

இதை அவ பாக்கணும்னுதான் அடிச்சேன். இப்ப அந்த வீட்டுக் கதவு பூட்டியில்ல கெடக்கும். அதுக்கு எதிர்ல போயி இதை யாரு பாக்க ஒட்டுறது தம்பி?